‘பாஸ்’ என்றால் எந்தப் பாஸ்?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் நான் வழமையாகப் போகும் போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. ஒரு காலத்தில் ‘கொமியூனிகேஷன்’ என்று பெயர்ப்பலகை மாட்டி, வெளிநாட்டு அழைப்புகளுக்கு நிமிடக் கணக்கில் காசு வாங்கிய கடை. இப்போது போட்டோக்கொப்பி, ஸ்கான், போன் ரீலோட், கடவுச்சீட்டுக்குப் படம் என்று ஓடுகிறது.

சென்ற மாதம் அங்கே வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் நின்ற பெண்ணொருவர் மகளின் ஓ.எல். பெறுபேற்றைக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தார். “எல்லாம் பாஸ் தம்பி, மட்ஸ்தான் எஸ்” என்று கேட்காமலேயே கடைப் பையனுக்குச் சொன்னார். உள்ளே முதலாளி போனில் யாரையோ பேசிக்கொண்டிருந்தார்: “சீமெந்து வந்து கிடக்கு, பாஸ் இன்னும் வரேல்ல.” பக்கத்தில் நின்ற வயதான ஐயா, “பாஸ்போட் றினியூ பண்ண வேணும், படம் எடுக்கலாமோ?” என்று கேட்டார். என் முறை வந்தது. அம்மா பழைய பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த சிறிய தாளை நீட்டினேன்.

“இதென்ன அக்கா, பில்லோ?”

“இல்லைத் தம்பி, பாஸ்.”

“என்ன பாஸ்?”

பையனுக்குப் பத்தொன்பது, இருபது வயதிருக்கும். அவனுடைய கேள்வியில் பிழையில்லை. ஐந்து நிமிடத்துக்குள் அந்தக் கடையில் நான்கு பாஸ் வந்துவிட்டன, நான்காவதை மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்திலிருந்து எங்களிடம் வந்த சொற்களில் இவ்வளவு வேலை செய்த சொல் வேறொன்று இருக்குமா என்று யோசித்தபடி வீட்டுக்கு நடந்தேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

ஆங்கிலப் ‘பாஸ்’ பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் வேர் லத்தீன் மொழியில் ‘காலடி’ என்று பொருள்படும் சொல். காலடி எடுத்துவைத்தல், கடந்துபோதல், கடக்க விடுதல், கடக்கலாம் என்று எழுதிக் கொடுத்த தாள் என்று பொருள் விரிந்திருக்கிறது. ஆங்கிலேயருக்கு மலைக்கணவாயும் பாஸ், பந்தை அடுத்தவருக்குத் தட்டிவிடுவதும் பாஸ், நேரம் கழிவதும் பாஸ். ‘பாஸ் அவுட்’ என்று நாங்கள் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று வெளியேறுவதைச் சொல்வோம். இங்கிலாந்தில் அதையே சொன்னால் மயங்கி விழுந்துவிட்டார் என்று விளங்கிக்கொள்வார்கள். லண்டனில் இருக்கும் என் பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி, வேலை நேர்முகத்தில் தான் எந்த வருடம் மயங்கி விழுந்தாள் என்பதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

சீமெந்துக்காகக் காத்திருக்கும் பாஸ் வேறு சாதி. ‘மேசன் பாஸ்’, ‘தச்சுப் பாஸ்’ என்று கொழும்பில் சொல்வது ஒல்லாந்தரின் ‘பாஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தலைமை வேலையாள், எசமான் என்பது அதன் பொருள். சிங்களத்தில் ‘பாஸ் உன்னெஹே’ என்று மரியாதையோடு அழைப்பார்கள். அதே ஒல்லாந்தச் சொல் அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களோடு போய் ஆங்கிலத்தில் ‘பொஸ்’ ஆனது. தமிழ்நாட்டு இளைஞர்கள் முன்பின் தெரியாதவரை “என்ன பாஸ்?” என்று கூப்பிடுவது அந்தப் பொஸ்ஸைத்தான். ஆகவே எங்கள் மேசனும் சென்னைப் படங்களின் பாஸும் தூரத்து உறவினர். பரீட்சைப் பாஸுக்கும் அவர்களுக்கும் எழுத்து ஒற்றுமையைத் தவிர ஒன்றுமில்லை.

பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரிந்தது. அரச தாளில் ‘சித்தி’ என்றிருக்கும், வீட்டில் பாஸ். ‘எஸ்’ சாதாரண சித்தி, ‘சி’ திறமைச் சித்தி. ஆனால் உயர்தரத்தில் மூன்று பாடமும் பாஸ் பண்ணியவருக்குப் பல்கலைக்கழகம் கிடைத்துவிடாது. இசட் புள்ளியும் மாவட்டக் கோட்டாவும் குறுக்கே நிற்கும். அதனால்தான் எங்களிடம் இரண்டு வினைகள் இருக்கின்றன. “மகன் பாஸ் பண்ணினவரோ?” என்று கேட்பார்கள், பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “என்டர் பண்ணினவரோ?” என்பார்கள். எழுபதுகளின் தரப்படுத்தலில் இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்த ஒரு தலைமுறை உண்டு. பின்னாளில் நடந்த பலவற்றுக்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம் என்பதில் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஒத்துப்போகிறார்கள்.

நான்காவது பாஸுக்கு வருகிறேன்.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பிறகு, யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறுவதற்கு விடுதலைப் புலிகளின் அனுமதி தேவைப்பட்டது. தாளில் ‘அனுமதி’ என்றுதான் அச்சிட்டிருக்கும். பேக்கரியை வெதுப்பகம் என்று மாற்றி எழுதிய காலம் அது. ஆனாலும் வாயில் வந்தது பாஸ்தான். “பாஸ் எடுத்தாச்சோ?”, “பாஸ் கிடைக்கேல்லையாம்”, “பாஸ் முடியுது” என்று மூன்று வசனத்தில் ஒரு குடும்பத்தின் முழு நிலைமையையும் சொல்லிவிடலாம். போகிறவர் திரும்பி வருவார் என்பதற்குப் பணம் கட்டியோ, சொத்தைக் காட்டியோ, ஆளை நிறுத்தியோ உத்தரவாதம் கொடுக்க வேண்டியிருந்தது. இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் பாஸ் எடுப்பது மிகக் கடினம். மனித உரிமைகளுக்கான யாழ். பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் அறிக்கைகளில் இது அந்தக் காலத்திலேயே பதிவாகியிருக்கிறது. 2008 டிசம்பரில் மனித உரிமைகள் கண்காணிப்பகம் வன்னியைப் பற்றி வெளியிட்ட அறிக்கையிலும் இதே பாஸ் முறை வருகிறது. இதைப் பற்றி எழுதினால் சிலருக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும். மறுபக்கத்துப் பாஸைப் பற்றி எழுதினால் வேறு சிலருக்குக் கோபம் வரும். இரண்டையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு இரண்டுமே தாள்தான்.

ஆளை நிறுத்துவதற்குப் பெயர் ‘பிணை’. நீதிமன்றத்தில் பிணை என்றால் உள்ளே இருப்பவர் வெளியே வருவது. பாஸில் பிணை என்றால் ஒருவர் வெளியே போக இன்னொருவர் உள்ளே நிற்பது.

1994 நவம்பரில் எனக்கு ஆறு வயது. இடது காதிலிருந்து சீழ் வடிந்துகொண்டே இருந்தது, கொழும்புக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கும் எனக்கும் ஒரு மாதத்துக்குப் பாஸ் கிடைத்தது. பிணை நின்றவர் அம்மாவின் தம்பி, என் சின்ன மாமா. ஆனையிறவு மூடியிருந்ததால் கிளாலியில் இரவில் வள்ளம் ஏறினோம். முந்திய வருடம் ஜனவரி 2ஆம் திகதி அதே கடலேரியில் கடற்படைத் தாக்குதலில் பலர் இறந்திருந்தார்கள், அம்மா அதை எனக்குச் சொல்லவில்லை. எனக்கு நினைவிருப்பது காதுக்குள் பஞ்சு வைத்து, தலையைச் சுற்றி அம்மாவின் சேலைத் தலைப்பைக் கட்டியிருந்ததும், அதனால் எல்லாச் சத்தமும் தூரத்தில் கேட்டதும்தான். அக்கரையிலிருந்து உழவு இயந்திரம், பிறகு வான், பிறகு நடை, கடைசியில் வவுனியாவுக்கு முன்னால் தாண்டிக்குளம். அங்கே வேறு தாள்கள், வேறு கேள்விகள், சிங்களத்தில் “பாஸ் எக கோ?”

அந்தப் பாஸ் எக தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு முழு நிருவாகமாக வளர்ந்தது. வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வந்தவர்கள் நகரத்தில் நிற்கவும், முகாமிலிருந்து வெளியே போகவும், கொழும்புக்கு ரயில் ஏறவும் வெவ்வேறு பாஸ் எடுக்க வேண்டியிருந்தது. ஒரு நாளுக்கு ஒன்று, ஒரு வாரத்துக்கு ஒன்று, மாதக்கணக்கில் தங்குவதற்கு வேறொன்று. முடிவதற்கு முன் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்க வரிசையில் நிற்க வேண்டும், வரிசையில் நின்றால் அன்றைய கூலி போகும். ஒரே வீட்டில் கணவனுக்கு ஒரு வகை, மனைவிக்கு இன்னொரு வகை என்று இருந்த குடும்பங்களை நான் பின்னாளில் செய்தி சேகரிக்கப் போனபோது சந்தித்திருக்கிறேன்.

இது சட்டப்படியானதா என்ற கேள்வி 2002இல் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. வவுனியா சிதம்பரபுரம் முகாமில் பாஸ் முறையால் கட்டுப்படுத்தப்பட்ட ஒருவர் அடிப்படை உரிமை மீறல் மனு தாக்கல் செய்தார். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் நாட்டுக்குள் நடமாடவும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் உரிமை கொடுக்கிறது, சட்டமொன்றின் மூலமாகவே அதைக் கட்டுப்படுத்தலாம். அப்படியொரு சட்டம் இல்லாமல் பாஸ் கேட்டது உரிமை மீறல் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாஸ் எடுத்து அலைந்தவர்களில் இந்தத் தீர்ப்பை அறிந்தவர்கள் மிகக் குறைவு. நானும் பல்கலைக்கழகத்தில் ஊடகச் சட்டம் படித்தபோது, வேறு வழக்கொன்றைத் தேடப்போய்த்தான் கண்டேன். வவுனியா என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டேன்.

கொழும்புக்கு வந்து சேர்ந்தால் பாஸ் வேறு பெயர் எடுத்துக்கொள்ளும். ‘பொலிஸ் ரிப்போட்’ என்போம். கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்குபவர்கள் பொலிஸில் பதிய வேண்டும், வீடுகளில் இருப்பவர்கள் குடும்ப விவரப் படிவம் நிரப்ப வேண்டும். நாங்கள் முதல் நான்கு மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தோம். அறையின் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு ஷொப்பிங் பேக் தொங்கும், அதற்குள் எல்லாத் தாளும். இரவில் கதவைத் தட்டினால் அம்மா லைட்டைப் போட முன் அந்தப் பையை எடுப்பார்.

தாள் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை 2007 ஜூன் 7ஆம் திகதி உடைந்தது. விடியுமுன் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதி லொட்ஜ்களுக்கு வந்த பொலிஸார், தங்கியிருக்கப் ‘போதிய காரணம்’ இல்லாதவர்கள் என்று சொல்லி 370க்கும் மேற்பட்டோரைப் பஸ்களில் ஏற்றினார்கள். பெரும்பகுதியினரை வவுனியாவில் இறக்கினார்கள். வெளிநாட்டு விசாவுக்காகக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், பதிவு செய்திருந்தவர்கள் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில் உயர் நீதிமன்றம் அடுத்த நாளே இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். அந்த வாரம் எங்கள் மாடிக் குடியிருப்பில் யாரும் சத்தமாகத் தொலைக்காட்சி போடவில்லை.

ஏ9 வீதி 2002 பெப்ரவரியிலிருந்து கட்டம் கட்டமாகத் திறந்து, 2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கியதும் மூடப்பட்டது. அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வருபவர்கள் எடுக்க வேண்டியிருந்ததற்கு ‘கிளியரன்ஸ்’ என்று பெயர். 2009இல் மெனிக் பாமில் அடைக்கப்பட்டவர்கள் டிசம்பர் 1ஆம் திகதியிலிருந்து வெளியே போகலாம் என்று அறிவித்தபோது, அதுவும் நாள் குறித்த பாஸ்தான். பத்து, பதினைந்து நாட்களில் திரும்ப வேண்டும். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. வடக்கில் மீனவர்கள் கடலுக்குப் போகக் கடற்படையிடம் பாஸ் காட்டினார்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வந்த எங்கள் உறவினர்கள் வடக்குக்குப் போகப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி எடுக்க வேண்டும் என்ற விதி, நீக்கிய பிறகும் 2014 ஒக்டோபரில் திரும்பி வந்தது. 2015 ஜனவரியில் மறுபடி நீக்கப்பட்டது. கனடாவிலிருந்து வந்த என் பெரியம்மா தான் பிறந்த வீட்டைப் பார்க்கப் படிவம் நிரப்பினார். ‘பயணத்தின் நோக்கம்’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று அரை மணித்தியாலம் யோசித்துவிட்டு ‘வீடு’ என்று எழுதினார்.

இந்த மாதிரித் தாள் எங்களோடு தொடங்கியதல்ல. தென்னாபிரிக்காவில் ஆசியர்கள் கைரேகை வைத்துப் பதிவுச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து 1908 ஓகஸ்ட் 16ஆம் திகதி ஜொஹன்னஸ்பேர்க்கில் அந்தச் சான்றிதழ்களைக் குவித்து எரித்தார்கள். காந்தியோடு நின்ற முன்னணிப் போராளிகளில் தம்பி நாயுடு இருந்தார், தமிழர்கள் பெருந்தொகையாகச் சிறை சென்றார்கள். கறுப்பின மக்கள் மீதான பாஸ் சட்டங்கள் அதன் பிறகும் பல தசாப்தம் நீடித்தன. 1960 மார்ச் 21இல் ஷார்ப்வில்லில் பாஸ் இல்லாமல் வந்து நின்றவர்கள் மீது பொலிஸார் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள்.

எங்கள் மலையகத்திலும் பாஸுக்கு ஒரு முன்னோடி இருந்தது, அதன் பெயர் ‘துண்டு’. தோட்டத் தொழிலாளி ஒருவர் இவ்வளவு கடன்பட்டிருக்கிறார், அதைக் கட்டுபவர் அவரை அழைத்துக்கொண்டு போகலாம் என்று எழுதிய தாள். அது கையில் இல்லாமல் அடுத்த தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அதே மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதிய சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மலையகத்தில் ‘பாஸ்போட் வந்திட்டுது’ என்றால் நாடு விட்டுப்போகும் நாள் வந்துவிட்டது என்று பொருள். வெள்ளவத்தையில் அதே வசனத்தைச் சொன்னால் பிள்ளைக்கு வெளிநாட்டு வழி திறந்துவிட்டது என்று இனிப்புக் கொடுப்பார்கள். அறுபது வருடம், நூறு மைல், ஒரே மொழி.

கடவுச்சீட்டு என்ற தமிழ்ச் சொல் நல்ல சொல். கட என்ற வினையிலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்து வீட்டு வாசலைக் கடப்படி என்போம், வேலியில் ஆள் போகுமளவுக்கு விட்ட வழி கடப்பு, ரயில் பாதையைக் கடக்கும் இடம் கடவை. ஊரில் யாரும் கடப்படிக்குப் பாஸ் கேட்டதில்லை. அயல்வீட்டு ஆச்சி, “பிள்ளை, நிக்கிறியளோ?” என்று கேட்டுக்கொண்டே வந்துவிடுவார்.

கடப்பதற்குப் பழந்தமிழில் இன்னொரு வினை உண்டு: இறத்தல். சங்கப் பாடல்களில் தலைவன் சுரத்தை இறந்தான் என்றால் பாலை நிலத்தைக் கடந்து போனான் என்று பொருள், செத்தான் என்றல்ல. இறந்த காலம் என்று இலக்கணத்தில் சொல்வதும் கடந்துபோன காலத்தைத்தான். பிற்காலத்தில் மற்றப் பொருள் மேலோங்கிவிட்டது. ஆங்கிலத்திலும் பாஸ் என்பதோடு ஒரு சிறு சொல்லைச் சேர்த்தால் காலமானார் என்றாகிவிடுகிறது. இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆனையிறவு என்ற பெயர் எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வன்னியில் பிடித்த யானைகளை ஆழமில்லாத அந்தக் கடலேரி வழியே குடாநாட்டுக்குள் ஓட்டிக்கொண்டுபோய்க் கப்பலேற்றினார்கள். யானைகள் இறந்த இடம், அதாவது கடந்த இடம் என்று அந்த இறவை நான் வாசிக்கிறேன். ஆங்கிலேயர் அதை ‘எலிபன்ட் பாஸ்’ என்று எழுதினார்கள். ஒல்லாந்தர் அங்கேயும், அதே வரிசையில் இன்னும் இரண்டு இடங்களிலும் சிறு கோட்டைகள் கட்டிப் போக்குவரத்தைக் கண்காணித்தார்கள். யாழ்ப்பாணத்துக்குள் வருகிறவரையும் போகிறவரையும் நிறுத்திப் பார்ப்பது அங்கே பழைய தொழில். 1991இல் அந்த முகாமைப் புலிகள் முற்றுகையிட்டார்கள், 2000 ஏப்ரல் 22இல் கைப்பற்றினார்கள், 2009 ஜனவரியில் இராணுவம் திரும்பப் பிடித்தது. இரண்டு பக்கத்திலும் ஆயிரக்கணக்கானோர் அந்த உப்பு வெளியில் விழுந்தார்கள். இப்போது யாழ்தேவியில் போனால் இரண்டு மூன்று நிமிடத்தில் கடந்துவிடும். பெட்டியில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மற்றப் பாதிப் பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். வயதை ஊகிக்க வேறு ஆதாரம் தேவையில்லை.

மிச்சப் பாஸ்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கடன் பாஸ், பில் பாஸ், தமிழ்நாட்டில் பஸ் பாஸ், இங்கே அதற்குச் ‘சீசன்’. 304 விளையாடும்போது கேள்வி கேட்க விருப்பமில்லாதவர் சொல்வது பாஸ். அடைபட்ட இருதயக் குழாய்க்கு மாற்றுவழி போடுவது பைபாஸ். பாராளுமன்றத்தில் சட்டம் பாஸ் ஆகும். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979 ஜூலையில் மூன்று வருடங்களுக்கென்று பாஸ் ஆனது, 1982இல் அந்தக் கால எல்லையை எடுத்துவிட்டார்கள். எங்கள் பாஸ்களில் ஒரு நாள் பிந்தினாலே கேள்வி வந்தது.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது தென்னிலங்கை முழுவதும் ‘கேர்பியூ பாஸ்’ தேடி அலைந்தது. 2022 ஜூலையில் ‘தேசிய எரிபொருள் பாஸ்’ வந்தது, கியூஆர் குறியீட்டைக் காட்டினால் தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. அடுத்த வருடம் செப்டெம்பர் வரை ஓடியது. எங்கள் மாடியில் கீழ்வீட்டுச் சிங்களப் பெண்மணி அதைப் பதிவுசெய்ய என்னிடம் உதவி கேட்டு வந்தார். ஸ்கிரீன்ஷொட் எடுத்து, தாளில் அச்சடித்து, ஒரு கொப்பியைக் காரிலும் ஒரு கொப்பியைக் கைப்பையிலும் வையுங்கள் என்று அம்மா அவருக்குச் சொன்னார். “இவ்வளவு தேவையா அன்ரி?” என்று அவர் சிரித்தார். அம்மாவுக்கு அது பழக்கம்.

ஒரு மாதப் பாஸில் வந்த நாங்கள் திரும்பிப் போகவில்லை. காதுக்கு இரண்டாவது சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. 1995 ஏப்ரலில் சண்டை திரும்பத் தொடங்கியது, ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. எங்களுக்காகப் பிணை நின்ற சின்ன மாமாவிடம் யார் என்ன கேட்டார்கள் என்பது எங்களுக்கு முழுதாகத் தெரியாது. 2002இல் பாதை திறந்ததும் கிளிநொச்சியில் அவரைப் பார்த்தோம். அம்மா அழுதுகொண்டே அதைத்தான் முதலில் கேட்டார். “ரெண்டு தரம் கூப்பிட்டவை அக்கா. போனன், வந்தன்” என்று மட்டும் சொன்னார். பிறகு என் காதைத் தொட்டு, “இதுக்குத்தானே” என்றார்.

2009 மே மாதத்துக்குப் பிறகு அவரைக் கண்டவர்கள் இல்லை.

காணாமல் போனோர் பற்றிய முறைப்பாடு எழுதும்போது, அவர் பெயரில் ஏதாவது ஆவணம் இருக்கிறதா என்று கேட்பார்கள். அவர் கல்யாணம் செய்யவில்லை. அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சி எல்லாம் அவரோடு போய்விட்டன. படங்கள் இரண்டு உண்டு, படத்தில் பெயர் இல்லை. அவருடைய பெயரும் முகவரியும் கையெழுத்தும் ஒன்றாக இருக்கும் ஒரே தாள், எங்களுக்காக அவர் பிணை நின்ற 1994ஆம் ஆண்டுப் பாஸின் கார்பன் கொப்பி. கீழே பிணையாளர் என்ற இடத்தில் நீலமாக இருந்த கையெழுத்து இப்போது ஊதாப் புகை மாதிரி இருக்கிறது.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படித் தாள்கள் இருக்கலாம்: பாஸ், முகாம் பதிவு அட்டை, நிவாரண அட்டை, பொலிஸ் ரிப்போட், செஞ்சிலுவைச் சங்கம் வழியாக வந்த கடிதம். காலாவதியானவை என்று எறிந்துவிடாதீர்கள். ஒருவர் இன்ன திகதியில் இன்ன இடத்தில் இருந்தார் என்பதற்கு அவை சான்று. லமினேற் செய்ய வேண்டாம். சூடு கார்பன் மையையும் ரசீதுத் தாளையும் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. இரண்டு பக்கத்தையும் ஸ்கான் செய்யுங்கள், பின்பக்கத்தில் முத்திரையோ கிறுக்கிய இலக்கமோ இருந்தால் அதுதான் சில வேளை முக்கியமாக இருக்கும். மூலத்தை வெயில் படாமல், மடிப்பை மறுபடி மறுபடி விரிக்காமல் தனி உறையில் வையுங்கள். யார் கேட்டாலும் கொப்பியைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள்.

கடைப் பையனுக்கு இதில் கால்வாசியைத்தான் சொன்னேன், பின்னால் வரிசை நீண்டுவிட்டது. அவன் தாளை இரண்டு விரலால் பிடித்து, கண்ணாடியில் நேராக வைத்து, ஒருமுறை வந்த கொப்பியைப் பார்த்துவிட்டு, “கையெழுத்து விழேல்ல அக்கா, கொஞ்சம் டார்க்காப் போட்டுப் பாப்பம்” என்றான். மூன்றாவது கொப்பியில் விழுந்தது. மூன்றுக்கும் சேர்த்துக் காசு நீட்டினேன், ஒன்றுக்கு மட்டும் எடுத்துக்கொண்டான்.